கீபோர்டு வாசிக்கும் பிள்ளைக்கு ஒலிபெருக்கி வாங்கப் போகிறீர்களா?

கல்யாண வீடுகளில் தனியாகக் கீபோர்டு வாசிக்கும் பிள்ளைக்கு, சீட்டு எடுத்த பணத்தில் ஆம்ப்ளிஃபையர் உள்ளடங்கிய ஒலிபெருக்கி வாங்கப் போகிறீர்களா? பெட்டியில் அச்சடித்த '1,000 வாட்' கண்டு மயங்காதீர்கள். அது பெரும்பாலும் கணநேரம் மட்டுமே நிற்கும் உச்ச சக்தி. தொடர்ந்து தாங்கும் சக்தி எவ்வளவு என்று கேளுங்கள்.

கீபோர்டையும் கையோடு கொண்டுபோங்கள். 61 கட்டைக் கீபோர்டின் இடக்கோடிக் கட்டை ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸ். அதை அழுத்திச் சத்தத்தை ஏற்றுங்கள். பெட்டி கடகடத்தால் வேண்டவே வேண்டாம். 8 அங்குலம் திணறும் இடத்தில் 12 அங்குலம் பெரும்பாலும் சமாளிக்கும். ஆனால் தூக்கிச் சுமப்பவன் உங்கள் பிள்ளைதானே, தூக்கியும் பார்க்கட்டும்!

ஒரே பெட்டி என்றால் வயரைக் கீபோர்டில் 'எல்/மோனோ' என்றிருக்கும் துளையில் செருகச் சொல்லுங்கள். வலப்பக்கத் துளையில் மட்டும் செருகினால் வாசிப்பில் பாதி சபைக்கு வந்து சேராது.