முள்ளந்தண்டுக்கு ஏற்ற உலோகம் எது?

நாரிப் பகுதியில் முள்ளென்புகளை ஒட்டவைக்கும் சத்திர சிகிச்சைக்கு வீட்டில் ஒருவர் ஆயத்தமாகும்போது, குடும்பத்தார் கேட்கும் முதற் கேள்வி இதுதான்: “எந்த உலோகம் மிக உறுதியானது? அதையே வைத்துவிடலாமே!” அக்கேள்வி அன்பினாலே பிறப்பது. ஆயினும் பொறிமுறை விஞ்ஞானம் தரும் விடை வேறு. மிக விறைப்பான துணை எப்பொழுதும் மிக நல்ல துணையாவதில்லை.

நாரிநோவு உடையார் எல்லோருக்கும் இச்சிகிச்சை வேண்டியதில்லை. இடைத்தட்டு மிகவும் பழுதடைந்தோ, ஒரு முள்ளென்பு மற்றொன்றின் மேல் வழுக்கி நரம்பை நெருக்கியோ துன்புறுத்தும்போது, சிலருக்கு அவ்விரு என்புகளையும் ஓரென்பாக வளரச் செய்வதே வழியாகின்றது. 1911இல் நியூயோர்க் நகரில் ரசல் ஹிப்ஸ், பிரெட் அல்பீ என்னும் வைத்தியர்கள் தனித்தனியே இம்முறையை வெளியிட்டபோது உலோகத்தை நாடவில்லை, என்பையே நம்பினர். 1963இல் பாரிஸ் நகரத்து றோய்-கமீல், முள்ளென்பின் காம்பு போன்ற பகுதியினூடாகத் திருகாணி செலுத்தும் முறையைக் கையாண்டார். இன்று பின்புறத்திலே திருகாணிகளும் அவற்றை இணைக்கும் கோல்களும், தட்டு இருந்த இடத்திலே ஒரு சிறு கூடும் வைப்பது பெருவழக்காகிவிட்டது.

இவை தாங்கவேண்டிய பாரம் எவ்வளவு? ஜேர்மனியின் உல்ம் நகர ஆராய்ச்சியாளர் ஒருவருடைய இடைத்தட்டினுள்ளே அமுக்கமானியை வைத்து அளந்த முடிவுகள் 1999இல் வெளியாயின. படுத்திருக்கையில் உள்ள அமுக்கத்தை 1 எனக் கொண்டால், நிற்கையில் அது ஏறக்குறைய 5. முதுகை வளைத்து 20 கிலோகிராம் தூக்கும்போது 23. முழங்காலை மடித்து அதே பாரத்தைத் தூக்கும்போது 17. தூக்கும் முறை மாறினாலே முள்ளந்தண்டின் சுமை எவ்வளவு மாறுகின்றது, பாருங்கள்!

இனி விறைப்பைக் கவனிப்போம். பௌதிகவியல் மாணவர் யங்கின் மட்டை அறிவர். அது உருக்குக்கு ஏறக்குறைய 200 கிகாபஸ்கால். டைட்டேனியக் கலப்புலோகத்துக்கு 110. என்பின் கடினமான புறப்படைக்கு 20இன் அளவில். ‘பீக்’ என்னும் பல்பகுதியத்துக்கு 3 முதல் 4 வரை. விறைப்பானதும் நெகிழ்வானதும் சேர்ந்து ஒரு சுமையைத் தாங்கும்போது, விறைப்பானதே பெரும் பங்கை ஏற்றுக்கொள்ளும். இங்கேதான் சிக்கல் எழுகின்றது. சுமையைத் தாங்கும் என்பு தடிக்கும். சுமை இழந்த என்பு மெலியும். யூலியஸ் வோல்ஃப் என்னும் ஜேர்மனிய வைத்தியர் 1892இல் விளக்கிய இயல்பு இது. எல்லாப் பாரத்தையும் உலோகமே ஏற்றுக்கொண்டால், வளரவேண்டிய என்புக்கு வளரும் தூண்டுதலே இல்லாமற் போகும்.

கோலின் தடிப்பும் அற்ப விடயமன்று. வளைவுக்கு எதிரான விறைப்பு விட்டத்தின் நாலாம் அடுக்குக்கு விகிதசமமானது. 5.5 மில்லிமீற்றர் கோலுக்குப் பதிலாக 6 மில்லிமீற்றர் கோலை இட்டால், விறைப்பு ஏறக்குறைய 40 வீதம் கூடிவிடும்.

அப்படியாயின் மிக நெகிழ்வானதே நல்லதோ? அதுவுமன்று. ஒட்டுமிடம் ஓயாது அசைந்தால் என்பு பொருந்தாது. ‘பீக்’ கூடு நெகிழ்வுடையதாயினும் அதன் மேற்பரப்பில் என்பு நன்கு பற்றிக்கொள்வதில்லை; டைட்டேனியத்தில் நன்கு பற்றிக்கொள்ளும். ஆகவே நுண்டுளைகள் நிறைந்த டைட்டேனியக் கூடுகளைச் செய்து, அவ்வுலோகத்தின் விறைப்பைக் குறைக்க முயல்கின்றனர். கூட்டின் வடிவமும் முக்கியமானது. முள்ளென்பின் மேற்றளம் நடுவிலே மெலிந்தும் விளிம்பிலே வலுத்தும் இருப்பதால், விளிம்பு வரை அகன்று அமரும் கூடு என்பினுள் எளிதிற் புதையாது. என்பு நைந்த முதியோருக்கோ, உளுத்த மரத்தில் அடித்த ஆணி போலத் திருகாணி தளரக்கூடும். அங்கே குறை உலோகத்தில் இல்லை. அதைப் பற்றும் என்பிலே உள்ளது.

கொங்கிறீற்றுத் தளத்துக்குக் கொடுக்கும் முட்டை எண்ணிப் பாருங்கள். தளம் இறுகும் வரையே முட்டுக்கு வேலை. முள்ளந்தண்டிலும் அவ்வாறே, உலோகம் உடலில் தங்கிவிடினும் அதன் முதன்மையான கடமை என்பு ஒட்டும் வரையே. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு: கொங்கிறீற்று தானே இறுகும், என்புக்கோ அளவான சுமையும் வேண்டும். என்பு ஒட்டாமலே போனால், அடிக்கடி வளைக்கப்படும் கம்பி முறிவது போல, எத்துணை உறுதியான கோலும் ஒருநாள் களைத்து முறியலாம். ஒட்டிய பின்னரும், அசைவை இழந்த மூட்டின் வேலையில் ஒரு பகுதி அயல் மூட்டுகளின் மேல் விழும்.

ஆகவே சத்திர வைத்தியரிடம், “எது மிக உறுதியானது?” என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். “என் என்பின் அடர்த்தி எவ்வாறுள்ளது? எத்தனை மூட்டுகளை இணைக்கப் போகின்றீர்கள்? என்பு ஒட்டுவதற்கு நான் செய்யவேண்டியது யாது?” என்றும் கேளுங்கள். புகைப்பவராயின், என்பு ஒட்டுவதைப் புகை தடுக்கும் என்பதை அறிந்து அதைக் கைவிடுவது அவர் கடமை. உலோகத்தைத் தெரிவுசெய்வது வைத்தியர் பொறுப்பு. ஒட்டவேண்டிய என்போ நம்முடையது.