முகப்பருவும் சவரக்கத்தியும்

இளமையின் வாயிலில் நம் பிள்ளைகளின் முகத்திற்கு இரண்டு விருந்தினர் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்து சேர்கின்றனர். ஒருவர் மீசை, மற்றவர் பரு. முன்னவரைக் கண்டு மகிழ்கின்றோம். பின்னவரைக் கண்டு வெதும்புகின்றோம். இருவரும் ஒரே கன்னத்தில் குடியேறிவிட்டாலோ, சவரக்கத்தியை எடுக்கும் கை தயங்கத்தான் செய்யும்.

என் தமக்கை மகன் நாகர்கோவிலிலிருந்து வந்து, கரமனையில் எம் இல்லத்தில் தங்கிக் கல்லூரியில் பயில்கின்றான். கன்னமெங்கும் பரு. உறவினர் திருமணத்திற்கு முன்னாள் ஒரு சலூனுக்குச் சென்று முகத்தை வழித்துக்கொண்டு வந்தான். பருக்களின் மேலேயே கத்தி இருமுறை ஓடியிருந்தது; இரண்டாம் முறை மயிர் வளரும் திசைக்கு எதிராக. மறுநாட் காலையில் கன்னம் முழுதும் சிவந்து, சீழ்க்கொப்புளங்கள் எழுந்துவிட்டன. “மாமா, இந்த முகத்தோடு நான் பந்தலில் வந்து நிற்க மாட்டேன்” என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டான். கல்லூரிக்கும் ஒரு வாரம் செல்லவில்லை. பரு சிறிய நோய் என்று நாம் எண்ணுகின்றோம். அந்தக் கதவு சாத்தியிருந்த ஒரு வாரம் எனக்கு வேறு பாடம் புகட்டியது.

பரு என்பது யாது? தோலின் நுண்துளைகளில் எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. பருவ வயதில் உடலில் ஊறும் இயக்குநீர்களால் அவை மிகுதியாகச் சுரக்கின்றன. அந்த எண்ணெயும் உதிர்ந்த தோற்செதில்களும் துளையை அடைக்கின்றன. உள்ளே கிருமி பெருகி அழற்சி உண்டாகிறது. ஆகவே, முகத்தை முரட்டுத்தனமாகத் தேய்த்துக் கழுவுவதால் பரு போகாது, புண்தான் மிகும். இந்நகரின் வழக்கப்படி தேங்காய் எண்ணெயைத் தலையோடு முகத்திலும் பூசிக்கொள்வோர் உளர். பரு உள்ளவர் முகத்தை விட்டுவிடுதல் நன்று. அவ்வெண்ணெய் துளைகளை அடைக்கக்கூடும்.

இனிக் கத்திக்கு வருவோம். என் தந்தையாரின் பெட்டியில் மடக்குச் சவரக்கத்தி ஒன்று இருந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் ஜெர்மனியின் ஸோலிங்கனும் இவ்வகைக் கத்திகளுக்குப் பேர்பெற்ற ஊர்கள். 1903-இல் ஜில்லெட் என்னும் அமெரிக்கர் கழற்றி மாற்றும் பிளேடு கொண்ட பாதுகாப்புச் சவரக்கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்த பின்னர், பழங்கத்தி மெல்ல மெல்ல வீடுகளிலிருந்து விடைபெற்றது. எனினும் பரு உள்ளவர்க்கு அதில் ஒரு நன்மை உண்டு. அலகு ஒன்றே, அது செல்லும் இடம் கண்ணுக்குத் தெரியும், பருவைச் சுற்றிக்கொண்டு போகலாம். பல அலகுக் கருவிகள் மயிரை இழுத்துத் தோலுக்குக் கீழே அறுப்பதால், அது வளைந்து உள்ளேயே வளர்ந்து கொப்புளமாகும் தொல்லை உண்டு. தீமையும் கூறவேண்டும். இக்கத்திக்குக் காவல் இல்லை. கை தவறினால் பருவின் தலை போய்விடும்.

மருத்துவரின் அறிவுரையையும் என் அனுபவத்தையும் சேர்த்து முறையைச் சொல்கின்றேன். சீழ் கட்டிய பருக்கள் நிறைந்திருக்கும் நாட்களில் சவரமே வேண்டா. தாடியைக் கத்தரிக்கும் மின்கருவியால் குட்டையாக்கிக்கொண்டால் போதும். மற்ற நாட்களில் குளித்த பின், அல்லது வெந்நீர்த் துணியை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் வைத்த பின், நுரை பூசி மயிர் நன்கு மென்மையடைய விடுக. கத்தியைத் தோல்வாரில் தீட்டி, ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் பிடித்து, மயிர் வளரும் திசையிலேயே, அழுத்தாமல், சிறு சிறு வீச்சாக ஓட்டுக. ஒரு முறையோடு நிறுத்துக. பருவின் மேல் நான்கு மயிர் நின்றால் நிற்கட்டும். அவற்றால் யாருக்கும் கேடில்லை. பின்னர்க் குளிர்ந்த நீரால் கழுவி, துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், துடைத்தல் ஆகாது. படிகாரம் சிறு கீறலின் குருதியை நிறுத்தும். அது பருவுக்கு மருந்தன்று.

சலூனுக்குச் செல்வோர்க்கு இன்னொன்று முக்கியம். மஞ்சட்காமாலையைத் தரும் ‘பி’ வகைக் கல்லீரல் அழற்சிக் கிருமி, உடலுக்கு வெளியே 7 நாட்களேனும் உயிர்ப்புடன் இருக்கவல்லது. பருவுள்ள முகத்தில் குருதி கசிதல் எளிது. ஆதலின் ஒருவர் முகத்தில் பட்ட அலகு மற்றொருவர் முகத்தில் படலாகாது. இக்காலத்தில் பிளேடைப் பாதியாக ஒடித்துக் கத்தியில் செருகும் வழக்கம் வந்துவிட்டது. “அண்ணே, புது பிளேடு போடுங்கள்” என்று இன்முகத்துடன் கேட்க நாணவேண்டா. தொழிலறிந்தவர் அதை அவமதிப்பாகக் கொள்ளமாட்டார். வீட்டிலும் தந்தையின் கத்தி மகனுக்குப் பொதுவாகலாகாது. என் தந்தையாரின் கத்தியைச் சாணை பிடித்து, ஸ்பிரிட்டால் துடைத்த பின்னரே மருமகனிடம் தந்தேன். இன்று அது அவனுக்கே உரியது.

கடையில் கேட்டு வாங்கும் களிம்புகளில் எச்சரிக்கை தேவை. ஸ்டிராய்டு கலந்த களிம்பு முதலில் முகத்தைப் பளபளக்கச் செய்து, பின்னர்ப் பருவைப் பெருக்கி, தோலையும் மெலியச் செய்யும். 1951-இல் தொடங்கப்பெற்ற மருத்துவக் கல்லூரி நம் நகரிலேயே இருக்க, களிம்புக்கு அண்டை வீட்டாரை ஏன் கேட்கவேண்டும்? பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் போன்ற மருந்துகள் பயன் காட்ட 6 முதல் 12 வாரங்கள் ஆகலாம், பொறுமை வேண்டும். தொடக்கத்தில் அவை தோலை உலர்த்தி எரிச்சலூட்டும். அந்நாட்களில் சவரத்தைக் குறைத்துக்கொள்க.

என் மருமகனின் முகம் முற்றும் தெளிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். தழும்புகள் சில உள்ளன. ஆயின் சென்ற மாதம் மற்றொரு திருமணத்தில், பந்தியில் முன்னின்று பரிமாறியவன் அவனே. பெற்றோர்களே, பிள்ளை கண்ணாடி முன் நெடுநேரம் நின்றால் நகையாதீர். அருகில் சென்று, மெல்லக் கத்தி பிடிக்கும் முறையைக் கற்றுக்கொடுங்கள்.