ஐந்து வரிக் கடிதம்!

அது ஒரு சின்னஞ்சிறு கடிதம். மொத்தம் ஐந்தே வாக்கியங்கள்தான்!

1980-ம் ஆண்டு ஜனவரி மாதம், "நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆப் மெடிசின்" என்ற அமெரிக்க மருத்துவப் பத்திரிகையில் அது வெளிவந்தது. எழுதியவர்கள் ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக் என்ற இருவர்.

ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களின் குறிப்புகளை அவர்கள் பார்த்தார்கள். அபின் இனத்தைச் சேர்ந்த வலி மருந்து 11 ஆயிரத்து 882 பேருக்குக் கொடுக்கப்பட்டு இருந்தது. முன்பு போதைப் பழக்கம் இல்லாதவர்களில் 4 பேர்தான் மருந்துக்கு அடிமை ஆனதாகத் தெரிந்தது.

கடிதம் அவ்வளவுதான்.

அந்த நோயாளிகள் எல்லோரும் ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள். மருந்தை வீட்டுக்கு எடுத்துப்போய் மாதக்கணக்கில் விழுங்கினால் என்ன ஆகும்? அதைப்பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை.

ஆனால், பின்னால் வந்த ஆராய்ச்சிக் கட்டுரைகள் என்ன செய்தன தெரியுமா? "இந்த வகை மருந்தால் அடிமை ஆவது அபூர்வம்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிறிய எண்ணைப் போட்டன. கட்டுரையின் கடைசியில் அந்த எண்ணுக்கு நேராக இந்தக் கடிதத்தின் பெயர் இருந்தது!

அந்தச் சிறிய எண் எதற்காக? முதலில் அதைப் பார்ப்போம்.

விலாசம்

வீட்டில் யாராவது ஒரு புதுச் சங்கதியைச் சொன்னால், பாட்டி உடனே கேட்பாள்: "உனக்கு யார் சொன்னது?"

ஆராய்ச்சி உலகத்திலும் அதே கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல ஏற்பட்டதே ஆதாரப் பட்டியல். அது ஒரு விலாசம். தபால் உறையில் பெயர், கதவு எண், தெரு, ஊர் எழுதுகிறோம் அல்லவா? அதைப் போலத்தான்.

ஓர் உதாரணம் பாருங்கள். 1928-ம் ஆண்டு கல்கத்தாவில் இருந்து சி. வி. ராமனும், கே. எஸ். கிருஷ்ணனும் தங்கள் கண்டுபிடிப்பைப்பற்றி லண்டன் "நேச்சர்" பத்திரிகைக்கு எழுதினார்கள். ராமனுக்கு 1930-ல் நோபல் பரிசு வாங்கித் தந்த கண்டுபிடிப்பு அது. அந்தக் கட்டுரையின் விலாசத்தை இப்படி எழுதுகிறார்கள் (படிக்கச் சுலபமாக இருக்கத் தமிழில் தருகிறேன்):

ராமன் சி.வி., கிருஷ்ணன் கே.எஸ். ஒரு புதுவகை இரண்டாம்நிலைக் கதிர்வீச்சு. நேச்சர். 1928;121:501-2.

முதலில் எழுதியவர்கள் பெயர். பிறகு கட்டுரையின் தலைப்பு. பிறகு பத்திரிகை. அரைப்புள்ளிக்கு முன்னால் இருப்பது ஆண்டு. பின்னால் இருக்கும் 121, தொகுதி எண். முக்காற்புள்ளிக்குப் பின்னால் இருப்பது பக்கம்.

நூல்நிலையத்துக்குப் போய் 121-வது தொகுதியை எடுத்து 501-ம் பக்கத்தைத் திருப்பினால், ராமன் அங்கே நிற்பார்! கைதவறி 105 என்று எழுதிவிட்டால்? வேறு யாரோ நிற்பார்.

அப்பா பெயர்

பெயர் எழுதுவதில் நம்மவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு.

வெள்ளைக்காரர்களுக்குக் குடும்பப் பெயர் உண்டு. பட்டியலில் அதுதான் முதலில் வரும். நமக்கோ தலை எழுத்து என்பது அப்பா பெயர்.

கந்தசாமி என்பவரின் மகள் செல்வி ஆராய்ச்சி செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். "செல்வி கந்தசாமி" என்று கையெழுத்துப் போட்டுக் கட்டுரை அனுப்புகிறாள். பட்டியலில் எப்படி வரும் தெரியுமா? "கந்தசாமி செ." என்று வரும்! இரவு பகலாக உழைத்தவள் மகள். பெயரைத் தட்டிக்கொண்டு போனவர் அப்பா!

அப்பாவுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அடுத்த கட்டுரையில் அவள் "கே. செல்வி" என்று எழுதினால், உலகம் அவளை இரண்டு பேராக நினைக்கும். முதல் கட்டுரையிலேயே ஒரு பெயரை முடிவு செய்து, கடைசிவரை அதையே எழுதுவது நல்லது.

நத்தை

விலாசம் எழுதப் பல முறைகள் இருக்கின்றன. அவற்றில் முக்கியமானவை இரண்டு.

ஒன்று, கட்டுரையின் நடுவிலேயே ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் போடுவது. கடைசியில் பட்டியல் அகர வரிசையில் வரும். இதற்கு ஹார்வர்டு முறை என்று பெயர். எட்வர்டு லாரன்ஸ் மார்க் என்ற விலங்கியல் பேராசிரியர், 1881-ல் எழுதிய ஒரு கட்டுரையில் முதன்முதலாக இப்படிச் செய்தார் என்பார்கள். கட்டுரை எதைப்பற்றி? தோட்டத்தில் ஊரும் ஓடு இல்லாத நத்தையைப்பற்றி!

மற்றொன்று, எண் போடும் முறை. முதலில் வரும் ஆதாரத்துக்கு 1, அடுத்ததற்கு 2. பட்டியலும் அதே வரிசைதான். நடுவில் புதிதாக ஒன்றைச் செருகினால், 8 ஒன்பது ஆகும், 9 பத்து ஆகும். எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்!

முன்பெல்லாம் பத்திரிகைக்குப் பத்திரிகை விதி வேறாக இருந்தது. ஒரு பத்திரிகை "வேண்டாம்" என்று கட்டுரையைத் திருப்பிவிட்டால், அடுத்த பத்திரிகைக்காகப் பட்டியலைப் புதிதாக டைப் அடிக்க வேண்டும். மருத்துவப் பத்திரிகை ஆசிரியர்கள் சிலர் 1978-ல் கனடா நாட்டு வான்கூவர் நகரில் கூடிப் பொது விதி வகுத்தார்கள். அதனால் எண் முறைக்கு வான்கூவர் முறை என்றே பெயர் வந்துவிட்டது.

அப்படியும் தொல்லை தீரவில்லை. இன்றைக்கும் ஒவ்வொரு பத்திரிகையும் ஏதாவது ஒரு காற்புள்ளியில் தன் பிடிவாதத்தைக் காட்டும். அனுப்புவதற்கு முன் அந்தப் பத்திரிகையின் விதிகளைப் படித்து, அண்மையில் வந்த ஒரு கட்டுரையின் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இல்லாத கட்டுரை

விதியைப் படித்தவர்களுக்கும் ஒரு வேடிக்கை நடந்தது.

ஒரு பெரிய பதிப்பகம், பட்டியல் எப்படி இருக்க வேண்டும் என்று காட்ட ஒரு மாதிரி கொடுத்து இருந்தது. "வான் டெர் கீர்" என்பவரும் இன்னும் இருவரும் 2000-ம் ஆண்டு எழுதிய "விஞ்ஞானக் கட்டுரை எழுதும் கலை" என்பது அந்த மாதிரி. அப்படி ஒரு கட்டுரையே கிடையாது. அதில் சொன்ன பத்திரிகையும் கிடையாது. வெறும் மாதிரிதான்.

ஆனால், ஏறக்குறைய 400 கட்டுரைகளின் பட்டியலில் அது ஏறிவிட்டது! 2017-ல் இது வெளியே தெரிந்தது. மாதிரியின்மேல் தங்கள் பட்டியலை எழுதிய பலர், அந்த வரியை அழிக்க மறந்துவிட்டார்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போனவர், மாதிரிப் பத்திரிகையில் இருந்த மாப்பிள்ளை பெயரையும் சேர்த்து அடித்து வந்த கதைதான்!

இப்போது கம்ப்யூட்டர் நொடியில் பட்டியல் போட்டுத் தருகிறது. புள்ளி பிசகாது. ஆனால், செயற்கை அறிவு இயந்திரத்திடம் கேட்டால், இல்லாத கட்டுரைக்கும் சில சமயம் அழகாக விலாசம் எழுதிக் கொடுத்துவிடும். 2000-ம் ஆண்டில் இருந்து கட்டுரைகளுக்கு 10 என்று தொடங்கும் நிரந்தர எண் கொடுக்கிறார்கள். அந்த எண்ணை இணையத்தில் தட்டினால், கட்டுரை இருக்கிறதா, இல்லையா என்று தெரிந்துவிடும்.

608

கட்டுரை இருந்தால் மட்டும் போதுமா? அந்த ஐந்து வரிக் கடிதம் இருக்கத்தான் செய்தது!

2017-ல் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு கணக்கு எடுத்தார்கள். 608 கட்டுரைகளின் பட்டியலில் அந்தக் கடிதம் இருந்தது. அவற்றில் 439 கட்டுரைகள், "அடிமை ஆவது அபூர்வம்" என்பதற்கு அதையே சாட்சி ஆக்கின. "இது ஆஸ்பத்திரியில் இருந்த நோயாளிகளைப்பற்றியது" என்ற செய்தி 491 கட்டுரைகளில் இல்லவே இல்லை.

ஐந்து வரியைப் படிக்க ஒரு நிமிஷம் போதும். இவர்களில் எத்தனை பேர் படித்தார்கள்? எத்தனை பேர் முன்னே போனவரைப் பார்த்து எழுதினார்கள்?

இதற்கிடையே 1996-ல் "ஆக்சிகான்டின்" என்ற வலி மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. முதுகுவலி, மூட்டுவலி என்று வந்தவர்களுக்கெல்லாம் அபின் இன மாத்திரைகளை எழுதிக் கொடுத்தார்கள். அந்த இனத்து மருந்துகளாலும், கள்ளச் சரக்காலும் அமெரிக்காவில் பல லட்சம் பேர் மாண்டார்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரு கடிதம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால், டாக்டர்களுக்கு இருந்த பயத்தைப் போக்கியதில் அதற்கும் பங்கு உண்டு என்று கனடா ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள்.

அதன் பிறகு பத்திரிகை ஆசிரியர்கள் ஒரு காரியம் செய்தார்கள். இணையத்தில் அந்தப் பழைய கடிதத்தோடு ஓர் எச்சரிக்கைக் குறிப்பைச் சேர்த்தார்கள். இந்தக் கடிதத்தை ஆராய்ந்து பார்க்காமலே பலர் மேற்கோள் காட்டி இருக்கிறார்கள் என்பது அதன் சாரம்.

37 ஆண்டுகள் கழித்து வந்த குறிப்பு அது!