காதில் கேட்கும் மாயக்குரல்... சிறுவயதுக் காயமும் காரணமாகலாம்!

பக்கத்தில் யாருமே இல்லை. ஆனால், 'நீ எதுக்குமே லாயக்கில்ல' என்று காதருகே ஒரு குரல். தெருவில் இரண்டு பேர் நின்று பேசினால், தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்ற பயம். வீட்டுப் பிள்ளை இப்படிச் சொன்னால், 'காத்து கருப்பு அண்டிடுச்சு' என்று மந்திரிக்க அழைத்துப்போகிறவர்கள் உண்டு. 'எல்லாம் செல்போனால வந்தது' என்று திட்டுகிறவர்களும் உண்டு. 'சின்ன வயசுல உனக்கு என்னப்பா நடந்துச்சு?' என்று கேட்பவர்கள்தான் குறைவு.

3 மடங்கு ஆபத்து

மாயக்குரல் கேட்பது, இல்லாத உருவம் தெரிவது, ஆதாரமே இல்லாத சந்தேகம் வலுப்பது... இவற்றை 'சைக்கோசிஸ்' அறிகுறிகள் என்கிறார்கள் மனநல மருத்துவர்கள். இங்கிலாந்தின் லிவர்பூல், நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதுகுறித்த 36 ஆய்வுகளைத் தொகுத்து அலசி, 2012-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அடி உதை, பாலியல் வன்முறை, மனதை நோகடிக்கும் பேச்சு, கவனிப்பின்மை, சக மாணவர்களின் கொடுமை போன்றவற்றைச் சிறுவயதில் அனுபவித்தவர்களுக்கு சைக்கோசிஸ் வரும் ஆபத்து சுமார் 3 மடங்கு அதிகம் என்றது அந்த ஆய்வு.

ஏன் இப்படி?

பயத்திலேயே வளரும் குழந்தையின் மூளை, எப்போதும் ஆபத்தை எதிர்பார்த்தே பழகிவிடுகிறது. சாதாரணப் பார்வைகூட மிரட்டலாகத் தெரியலாம். மன அழுத்த ஹார்மோன்களும், மூளையின் 'டோபமைன்' ரசாயனமும் சமநிலை இழப்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சிலருக்குக் கேட்கும் குரல், அன்று தங்களைத் துன்புறுத்தியவர் பேசிய வார்த்தைகளையே திரும்பச் சொல்வதும் உண்டு.

அதற்காக, காயப்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் இந்நோய் வந்துவிடாது, பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை. நோய் வந்த எல்லோருடைய வீட்டிலும் கொடுமை நடந்திருக்கும் என்று பெற்றோரைக் குற்றவாளியாக்கவும் கூடாது. மரபணு, கஞ்சா பழக்கம் எனப் பல காரணங்கள் உண்டு.

நிறுத்தினால் குறையும்

நம்பிக்கை தரும் தகவலும் இருக்கிறது. அயர்லாந்தில் 13 முதல் 16 வயது வரையுள்ள 1,112 மாணவர்களை ஓராண்டு கவனித்தார்கள். அடி, சீண்டல் போன்ற கொடுமைகள் நின்றுபோன பிள்ளைகளிடம் இந்த அறிகுறிகளும் கணிசமாகக் குறைந்தன. 2013-ல் வெளியான இந்த ஆய்வு சொல்வது இதுதான்: பள்ளியில் நடக்கும் சீண்டலை இன்றே தடுப்பதுகூட ஒரு சிகிச்சைதான்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* 'குரல் கேட்குது' என்று பிள்ளை சொன்னால் சிரிக்காதீர்கள், அதட்டாதீர்கள். முழுதாகக் கேளுங்கள்.
* பழைய சம்பவத்தைத் தோண்டித் தோண்டிக் கேட்க வேண்டாம். அவர்களாகச் சொல்லும்போது நம்புங்கள்.
* மனநல மருத்துவரிடம் தாமதிக்காமல் அழைத்துச் செல்லுங்கள். சிறுவயதுச் சம்பவங்கள் தெரிந்தால், பிள்ளையின் சம்மதத்தோடு அதையும் சொல்லுங்கள். மருந்தோடு மனநல ஆலோசனையும் பலன் தரும். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.
* மத்திய அரசின் 'டெலி மானஸ்' உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். ஒரு குழந்தை துன்புறுத்தப்படுவது தெரிந்தால் 1098-ஐ அழையுங்கள்.

பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று காலையில் அடம்பிடிக்கும் குழந்தையிடம், 'ஏன்?' என்று உட்கார்ந்து கேட்க 10 நிமிடம் போதும். அந்த 10 நிமிடத்தில் ஒரு கொடுமை வெளியே வரலாம். அன்றே நிற்கவும் செய்யலாம்.