வலுக்கூட்டிய என்ஜினுக்கு ஏற்ற கிளச்சு

உடப்பிற் கரைவலை இழுப்போரின் கைப்பிடி நழுவுமாயின், தோளில் எத்துணை வலு இருந்தும் வலை கரை சேராது. மோட்டார் வண்டியில் அக்கைப்பிடியின் தொழிலைச் செய்வது கிளச்சு. என்ஜினிற் பிறக்கும் வலுவைப் பற்றிச் சில்லுகளை நோக்கிச் செலுத்துவது அதுவே. அது நழுவினால் வலுவின் ஒரு பங்கு வெப்பமாய் வீணாகும்.

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. பழைய வண்டியைப் பேணி, அதன் என்ஜினுக்கு வலுவூட்டி ஓடுவோர் நம்மிடையே பலர். அவர்கள் எதிர்கொள்ளும் முதற் கேள்வி, பழைய கிளச்சு புதிய வலுவைத் தாங்குமா என்பதாகும்.

கிளச்சின் பிடி நான்கு காரணங்களால் அமைகிறது: தட்டை அழுத்தும் வில்லின் விசை, தட்டில் ஒட்டிய பட்டையின் உராய்வு, தட்டின் விட்டம், உராயும் முகங்களின் எண்ணிக்கை. இவற்றுள் எதனைக் கூட்டினும் பிடி கூடும். ஆயின் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு.

நம் நாட்டிற் பெயர்பெற்ற மொரிஸ் மைனர் காரையே சான்றாகக் கொள்வோம். 1956இல் வந்த 948 கன சென்றிமீற்றர் என்ஜினின் முறுக்கு விசை ஏறத்தாழ 50 இறாத்தல்-அடி. கிளச்சுத் தட்டின் விட்டம் 6¼ அங்குலம். 1962இல் வந்த 1098 கன சென்றிமீற்றர் என்ஜினில் முறுக்கு விசை 60 ஆயிற்று. விட்டமும் 7¼ அங்குலம் ஆயிற்று. என்ஜின் ஐந்திலொரு பங்கு வலுப்பெற, தட்டு ஏறத்தாழ ஆறிலொரு பங்கு அகன்றது. வலு கூடிய அளவை ஒட்டியே பிடியும் கூட்டப்பட்டது என்பதை இது காட்டும்.

எனவே, கிளச்சைத் தெரிவு செய்வோர் குதிரைவலுவைக் கொண்டன்றி முறுக்கு விசையைக் கொண்டே கணக்கிடல் வேண்டும். எடுத்துக்காட்டாக, 60 இறாத்தல்-அடி என்ஜினுக்கு மூன்றிலொரு பங்கு மிகுதி வைத்த கிளச்சு 80ஐத் தாங்கும். என்ஜினை 75ஆக உயர்த்தினால் மிகுதி ஐந்தே. அதே மிகுதி விகிதம் மீளவேண்டின், 100ஐத் தாங்கும் கிளச்சு தேவை. மற்றவை மாறாதிருக்க, வில்லின் விசையைக் காற்பங்கு கூட்டினாலே அது கிட்டும்.

இதற்கு அப்பாலும் செல்வது ஆசையேயன்றித் தேவையன்று. வில் கடினமானால் மிதியும் கடினமாகும். மைனரில் அவ்வழுத்தத்தைத் தாங்கும் கரிவளையம் விரைவில் தேயும். மேலும், அளவோடு பிடிக்கும் கிளச்சு, திடீர் அதிர்ச்சி நேரும்போது சற்றே நழுவி, கியர்ப் பெட்டியையும் பின் அச்சையும் காக்கும். ஒருபோதும் நழுவாத கிளச்சு, உடையும் இடத்தைப் பின்னோக்கித் தள்ளுகிறது. அங்கே உடைந்தால் செலவு பன்மடங்காகும்.

பந்தய வண்டிகளுக்குரிய உலோகப் பட்டைகள் வெப்பத்தை நன்கு தாங்குவன. ஆயினும் வெடுக்கெனப் பற்றுவன. உடப்பைப் போன்ற மணற் கரையில் அவ்வாறு பற்றினால், சில்லு சுழன்று மணலைத் தோண்டி வண்டியைப் புதைத்துவிடும். மெல்லெனப் பற்றும் வழக்கமான பட்டையும், சற்றே வலிய வில்லும், இடமிருப்பின் அகன்ற தட்டுமே இங்கு உகந்தவை.

மணலில் மிதியை அரைகுறையாக அழுத்தியவாறே நெடுநேரம் இழுத்தால் எந்தக் கிளச்சும் கருகும். வலிய வில்லும் அதனைத் தடுக்காது. தாழ்ந்த கியரில் தொடங்குதலும், மணலைக் கடக்குமட்டும் ரயர்க் காற்றைச் சற்றுக் குறைத்துத் தார்வீதியில் மீண்டும் நிரப்புதலும் நலம்.

புதிய கிளச்சுக்குப் பணம் செலவிடுமுன் பழையது நழுவும் காரணத்தை ஆராய்தல் அவசியம். மிதிக்கு உரிய தளர்வு இல்லாமையாலோ, என்ஜின் எண்ணெய் கசிந்து பட்டையை நனைத்தமையாலோ நழுவியிருக்கலாம். எண்ணெய் கசியும் என்ஜினில் எத்துணை வலிய கிளச்சைப் பூட்டினும் அதுவும் நழுவும். பழைய பட்டைகளில் அஸ்பெஸ்ரஸ் இருத்தல் கூடுமாதலின், அத்தூளைக் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்தல் வேண்டும்.

என்ஜினின் முறுக்கு விசையை அளந்து, அளவான மிகுதி வைத்து, வண்டி ஓடும் நிலத்தையும் கருதித் தெரிவு செய்த கிளச்சே நல்ல கிளச்சு ஆகும்.