கழுத்தில் மலைப்பாம்பு, மேடையில் கில்லட்டின்

கண்ணைச் சுற்றிக் கறுப்பு மை, தோளில் உயிருள்ள மலைப்பாம்பு. நிகழ்ச்சியின் உச்சத்தில் பாடகரின் தலையே கில்லட்டினில் துண்டாகும்! அமெரிக்க ஹார்ட் ராக் பாடகர் ஆலிஸ் கூப்பரின் மேடை இப்படித்தான்.

1948-இல் டெட்ராய்ட் நகரில் பிறந்த இவரது இயற்பெயர் வின்சென்ட் ஃபர்னியர். அப்பா கிறிஸ்தவப் போதகர். ஆலிஸ் கூப்பர் என்பது முதலில் அவரது இசைக்குழுவின் பெயர். பிறகு அதையே சட்டப்படி தன் பெயராக்கிக்கொண்டார்.

1972-இல் ‘ஸ்கூல்ஸ் அவுட்’ பாடல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அடுத்த ஆண்டு ‘பில்லியன் டாலர் பேபீஸ்’ ஆல்பம் அமெரிக்காவிலும் முதலிடம். தலைவெட்டும் தந்திரத்துக்குக் கைகொடுத்தவர் பிரபல மேஜிக் நிபுணர் ஜேம்ஸ் ராண்டி. மரண தண்டனை நிறைவேற்றுபவராக மேடையேறியவரும் அவரே!

நடுவில் குடிப்பழக்கம் கூப்பரைக் கவிழ்த்தது. எண்பதுகளில் அதிலிருந்து மீண்டு, கோல்ஃப் மட்டையைக் கையிலெடுத்தார். 1989-இல் ‘பாய்சன்’ பாடல் மீண்டும் அவரை உச்சத்தில் உட்கார வைத்தது. 2011-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவரது குழு இடம்பெற்றது.

2025-இல், 77 வயதில், பழைய குழுத் தோழர்களோடு சேர்ந்து புதிய ஆல்பமும் வெளியிட்டுவிட்டார். மேடையில் எத்தனை முறை தலை விழுந்தாலும், மனிதர் ஓய்வதாக இல்லை!