வணிகர் எழுப்பிய கோட்டைகள்: பிள்ளையார்பட்டியிலிருந்து ஒரு குடும்பச் சுற்றுலா

புதுக் கணக்கு எழுதுமுன் பிள்ளையார்பட்டி சென்று கற்பக விநாயகரை வணங்கி வருவோர் நம் வணிகப் பெருமக்களில் பலர். தரிசனம் முடிந்ததும் பிரசாதத்துடன் வண்டியேறிக் கடை திறக்கத் திரும்பிவிடுகிறோம். அடுத்த முறை ஒரு நாள் கூடுதலாக ஒதுக்கி, மனைவி மக்களுடன் சுற்று வட்டாரத்தையும் பார்த்து வாருங்கள்.

பிரான்சு நாட்டில் லுவார் ஆற்றங்கரைக் கோட்டைகளைக் காண உலகமே திரள்கிறது. அங்குள்ள ஷாம்போர் கோட்டையை 1519ஆம் ஆண்டில் ஒரு மன்னர் கட்டத் தொடங்கினார். செட்டிநாட்டின் மாளிகைகளை எழுப்பியவர்களோ மன்னர்கள் அல்லர். நம்மைப்போல் வரவு செலவு எழுதிய வணிகர்கள்.

பிள்ளையார்பட்டிக் கோயிலிலிருந்தே தொடங்குவோம். குன்றைக் குடைந்து அமைத்த கருவறையில், ஏறத்தாழ 6 அடி உயரத்தில், இரு கரங்களுடன் வடக்கு நோக்கி அமர்ந்திருக்கிறார் வலம்புரி விநாயகர். நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் இதுவும் ஒன்று. வணிக வருவாயில் ஒரு பகுதியை மகமையாக ஒதுக்கிக் கோயில்களைப் புதுப்பித்த மரபு அவர்களுடையது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் காட்டுங்கள்.

அருகிலேயே குன்றக்குடி மலையில் முருகன். அங்கிருந்து காரைக்குடி வழியாக ஆத்தங்குடி. கண்ணாடிமேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டுக் கையாலேயே தளக்கற்கள் செய்வதை இங்கு காணலாம். இந்தக் கற்களைச் சூளையில் சுடுவதில்லை. நீரில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள்.

அடுத்து கானாடுகாத்தான். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கண்ட ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் அரண்மனை இவ்வூரில்தான் உள்ளது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள். மரம் பர்மாத் தேக்கு, சலவைக்கல் இத்தாலி. சுவர்ப் பூச்சுக்குச் சுண்ணாம்புடன் முட்டை வெண்கருவும் கடுக்காயும் சேர்த்தார்கள். கடுக்காய் நம் மளிகைக் கடைச் சரக்குதானே! சில வீடுகளைக் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். மற்றவற்றுக்கு முன் அனுமதி வேண்டும்.

அங்கிருந்து சிறிது தூரத்தில் திருமயம். 1687ஆம் ஆண்டில் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டையும், அடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் தனித்தனிக் குடைவரைக் கோயில்களும் உள்ளன.

இனி வணிகர் சிந்திக்க வேண்டிய செய்தி. இந்த மாளிகைகளுக்கான பணம் பர்மா, இலங்கை, மலேயா கொடுக்கல் வாங்கலில் வந்தது. 1930களின் மந்தமும், 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும், 1948க்குப் பின் அங்கு நிலங்கள் நாட்டுடைமையானதும் அந்த வரவை அடைத்தன. வீடு நின்றது, வருமானம் நின்றுபோனது. பங்காளிகள் பெருகி ஊர் ஊராகப் பிரிந்தபின், ஓட்டை மாற்றுவது யார் செலவு என்பதே வழக்காயிற்று. பல வீடுகள் இடிக்கப்பட்டன. அவற்றின் தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விலைக்கு வந்தன.

பிழைத்த வீடுகளில் பல, சம்பாதிக்கத் தொடங்கிய வீடுகள். விடுதியாக மாறியவை உண்டு. படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடப்பட்டவையும் உண்டு. விடுதியில் நூறு பேர் தங்கினால் அரிசியும் பருப்பும் எண்ணெயும் உள்ளூர்க் கடையில்தான் வாங்க வேண்டும். கண்டாங்கிச் சேலையும் கொட்டானும் பலகாரமும் விலைபோகும். வீடு இடிந்தால் மரம் ஒரு முறைதான் விற்கும். வீடு நின்றால் ஊர்க் கடைவீதிக்கு ஆண்டு முழுவதும் வியாபாரம். செட்டிநாட்டு ஊர்கள் 2014ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. அதன் பலன் உள்ளூருக்குக் கிடைக்க வேண்டுமானால் வீடுகள் நிற்க வேண்டும்.

இது நம் கடைகளுக்கும் பொருந்தும். தந்தை வைத்த கடையில் பிள்ளைகளுக்குப் பங்கு இருக்கலாம். ஆனால் பொறுப்பு ஒருவரிடம் இருக்க வேண்டும். பராமரிப்புக்கென ஆண்டுதோறும் ஒரு தொகையை மகமைபோல் தனியே எடுத்து வைக்க வேண்டும். அடுத்த தலைமுறையையும் அழைத்துச் சென்று அந்த வளவில் நிற்க வையுங்கள். சம்பாதிப்பதைப்போலவே காப்பதும் தொழில்தான் என்பது அவர்களுக்கு அங்கே விளங்கும்.